இங்கிலீஷ் டென்ஸ்: கொங்கு நாட்டில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், அவிநாசி பக்கம் பொழுதோட வேலை முடித்து இங்கிலீஷ் பேசப் பழக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பனியன் கம்பெனியில் பையரோடு (ஆர்டர் கொடுத்துச் சரக்கு வாங்குகிறவரோடு) பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருப்பவர்கள், பேங்க் பரீட்சைக்குப் படிப்பவர்கள், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று வரும் அம்மாக்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் டென்ஸ் பற்றிய சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கத் தோதாக இருக்கட்டும் என்று இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

டென்ஸுன்னா காலம்தானுங்களே? நேத்து, இன்னைக்கு, நாளைக்கு. அதுல புரியாம போறதுக்கு என்னங்க இருக்கு?

கடிகாரம் காட்டும் காலம் வேறு, வினைச்சொல் காட்டும் காலம் வேறு. பல சமயம் இரண்டும் ஒத்துப்போகும், சில சமயம் போகாது. வீட்டில் கூப்பிடுகிறார்கள், நீங்கள் இன்னும் செருப்புக்கூட மாட்டவில்லை. ஆனாலும் "இதோ வந்துட்டனுங்க" என்கிறீர்கள். நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்கிறீர்கள். கேட்பவர் அதைப் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை, "சீக்கிரம் வருகிறார்" என்று புரிந்துகொள்கிறார்.

தமிழ் இலக்கணம் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது: காலவழுவமைதி. அவசரம், மிகுதி, உறுதி, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலத்துக்குரிய வினை இன்னொரு காலத்தில் வரலாம் என்று நன்னூல் சொல்கிறது. அதை எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரம் என்பது கொங்கு நாட்டு மரபு. சுமார் 800 வருடத்துக்கு முன்பு எழுதப்பட்ட அந்த விதியை மனதில் வைத்துக்கொண்டால் இங்கிலீஷ் டென்ஸில் பாதிக் குழப்பம் போய்விடும். பேசுகிறவர் ஒரு செயலை எங்கே நின்று, எப்படிப் பார்க்கிறார் என்பதைத்தான் டென்ஸ் சொல்கிறது. எப்போது நடந்தது என்பது அதில் ஒரு பங்குதான்.

ஸ்கூல்ல மொத்தம் பன்னெண்டு டென்ஸுன்னு சொன்னாங்க. பன்னெண்டையும் மனப்பாடம் பண்ணோணுங்களா?

வேண்டாம். அந்தப் பன்னிரண்டு கட்டம் மூன்றை நான்கால் பெருக்கியது. பாஸ்ட், பிரசன்ட், ஃபியூச்சர் என்று மூன்று. ஒவ்வொன்றிலும் சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்று நான்கு. அந்த நான்கையும் புரிந்துகொண்டால் போதும், மூன்று வரிசைக்கும் அவைதான்.

பவானியில் ஜமுக்காளம் நெய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். "ஹி வீவ்ஸ்" என்றால் நெசவு அவர் தொழில். "ஹி இஸ் வீவிங்" என்றால் இப்போது தறியில் உட்கார்ந்திருக்கிறார். "ஹி ஹேஸ் வோவன் எ கார்ப்பெட்" என்றால் நெய்து முடித்துவிட்டார், ஜமுக்காளம் கண்முன்னே கிடக்கிறது. "ஹி ஹேஸ் பீன் வீவிங் சின்ஸ் மார்னிங்" என்றால் காலையில் உட்கார்ந்தவர் இன்னும் எழவில்லை. நான்கும் பிரசன்ட்தான், ஆள் ஒருவர்தான். நாம் பார்க்கும் பார்வைதான் வேறு.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், என் கணிப்பில் சிம்பிள் பிரசன்ட், பிரசன்ட் கன்டினியுவஸ், சிம்பிள் பாஸ்ட், பிரசன்ட் பெர்ஃபெக்ட், அதோடு "வில்". இவை ஐந்தும் கைக்கு வந்தால் கம்பெனியிலும் இன்டர்வியூவிலும் சமாளித்துவிடலாம். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸை இங்கிலீஷ்காரர்களே அபூர்வமாகத்தான் பேசுகிறார்கள். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

'ஐ கோ'ன்னாலும் போறேன், 'ஐ ஆம் கோயிங்'னாலும் போறேன். ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?

"தினமும் பஸ்ஸில் போறேன்", "இப்பக் கடைக்குப் போறேன்" என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே "போறேன்" போட்டுவிடலாம். "போயிட்டு இருக்கேன்" என்று தனியாகச் சொல்ல வழி இருந்தாலும் பேச்சில் அது கட்டாயம் இல்லை. இங்கிலீஷில் இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். வழக்கம், தொழில், என்றைக்கும் மாறாத உண்மை என்றால் சிம்பிள்: "ஐ கோ பை பஸ்." "தி நொய்யல் ஜாயின்ஸ் தி காவேரி." இப்போது நடந்துகொண்டிருப்பது அல்லது தற்காலிகமானது என்றால் கன்டினியுவஸ்: "ஐ ஆம் கோயிங் டு தி ஷாப்."

மாற்றிச் சொன்னால் அர்த்தமே மாறும். "ஐ கம் ஃப்ரம் ஈரோடு" என்றால் என் ஊர் ஈரோடு. "ஐ ஆம் கமிங் ஃப்ரம் ஈரோடு" என்றால் ஈரோட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன், இப்போது பெருந்துறையைத் தாண்டியிருக்கலாம். இன்டர்வியூவில் "வாட் டு யு டூ?" என்று கேட்டால் உங்கள் வேலையைக் கேட்கிறார்கள். போனில் "வாட் ஆர் யு டூயிங்?" என்றால் இந்த நிமிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

'ஹி கோ'ன்னா புரியாமயா போயிரும்? எதுக்குங்க அந்த 'கோஸ்'?

புரியும். ஆனாலும் காதில் உறுத்தும். "அவன் போறேன்" என்று ஒருவர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான். தமிழில் நான், நீ, அவன், அவள், அவர், அது என்று ஒவ்வொன்றுக்கும் தனி விகுதி உண்டு. அதையெல்லாம் யோசிக்காமலே பேசுகிறோம். இங்கிலீஷ் தன் விகுதிகளை நூற்றாண்டுகளில் உதிர்த்துவிட்டு, சிம்பிள் பிரசன்டில் இந்த ஒரு "ஸ்"ஸை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. ஹி, ஷி, இட், ஒற்றை ஆள், ஒற்றைப் பொருள் இவற்றோடு மட்டும் அது வரும்.

எங்கப்பா தெனமும் அஞ்சு மணிக்கு எந்திரிப்பாருங்க. 'மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே'ன்னா தப்புங்களா?

நம் ஊரில் அதிகம் வரும் தவறு இதுதான் என்பேன். இது வருவதற்குக் காரணமும் இருக்கிறது. "எந்திரிப்பார்", "வருவார்", "சாப்பிடுவார்" ஆகியவை தமிழில் எதிர்கால வினைகள். அதே வினைகளைப் பழக்கத்தைச் சொல்லவும் பயன்படுத்துகிறோம். இங்கிலீஷில் பழக்கத்துக்கு சிம்பிள் பிரசன்ட்: "மை ஃபாதர் கெட்ஸ் அப் அட் ஃபைவ்." "வில்" போட்டால் கேட்பவர் இனிமேல் எழப்போகிறார் என்றோ, உறுதி கொடுக்கிறீர்கள் என்றோ நினைப்பார்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் தமிழ் வாக்கியத்தில் "வழக்கமா" என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் சிம்பிள் பிரசன்ட். "நாளைக்கு" பொருந்தினால்தான் எதிர்காலம்.

பழைய பழக்கத்துக்கும் தமிழில் இதே வடிவம்தான்: "அந்தக் காலத்துல எங்க தாத்தா சந்தைக்கு மாட்டு வண்டியிலதான் போவாரு." இதற்கு "யூஸ்ட் டு": "மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு கோ பை புல்லக் கார்ட்." இப்போது அப்படி இல்லை என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நோயிங் டைலரிங்'. இப்படிச் சொன்னா சிரிக்கறாங்க. ஏனுங்க?

தெரியும், பிடிக்கும், வேண்டும், இருக்கிறது போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். நிலைக்கு ஆரம்பம், நடு, முடிவு என்று எதுவும் கிடையாது. அதனால் "நடந்துகொண்டிருக்கிறது" என்ற பார்வை அதில் ஒட்டாது. தமிழிலும் "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று நாம் சொல்வதில்லை. உங்கள் காதையே நம்புங்கள். தமிழில் "-கொண்டிருக்கிறேன்" ஒட்டாத இடத்தில் பெரும்பாலும் இங்கிலீஷிலும் "-இங்" ஒட்டாது. "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்." "ஐ நோ டைலரிங்."

அதே "ஹேவ்" சாப்பிடுவதைக் குறித்தால் அது செயல். "ஐ ஆம் ஹேவிங் டீ" சரி. "ஐ திங்க் ஹி இஸ் ரைட்" என்பது கருத்து. "ஐ ஆம் திங்கிங்" என்பது உட்கார்ந்து யோசிக்கும் செயல்.

'ஐ டிட் நாட் கேம்' ஏன் தப்புங்க? வர்லன்னா அது பாஸ்ட்தானுங்களே?

பாஸ்ட்தான். ஆனால் அந்த பாஸ்டை "டிட்" ஏற்கனவே சொல்லிவிட்டது. ஒரு வாக்கியத்தில் அந்த அடையாளம் ஒருமுறைதான் வரும். அதனால் பின்னால் வருவது வெறும் "கம்". கேள்வியிலும் அப்படியே: "டிட் ஹி கம்?"

தமிழில் "வரவில்லை" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அதில் காலம் காட்டும் இடைநிலையே கிடையாது. நேற்று வரவில்லை, இன்னும் வரவில்லை இரண்டுக்கும் ஒரே சொல்தான். இங்கிலீஷில் முதலாவது "டிட் நாட் கம்", இரண்டாவது "ஹேஸ் நாட் கம் யெட்". "வர்ல" என்று மனதில் தோன்றும்போது அதோடு "நேத்து" சேருமா, "இன்னும்" சேருமா என்று பாருங்கள். விடை கிடைத்துவிடும்.

'கோ'வுக்கு 'வென்ட்', 'கட்'டுக்கு 'கட்'டே. ஒரு ஒழுங்கே இல்லைங்களே?

தமிழிலும் வா, வந்தான், வருகிறான். கேள், கேட்டான். கற்கிறான், கற்றான். இவற்றை யாரும் அட்டவணை போட்டு நமக்குச் சொல்லித்தரவில்லை, பேசிப் பேசிப் படிந்தவை. இங்கிலீஷிலும் முறை மாறும் வினைகள் பெரும்பாலும் தினசரிப் புழக்கத்தில் உள்ளவை. வாக்கியமாகச் சொல்லிப் பழகினால் தங்கிவிடும்.

"-இடி" எழுத்தில் முடிபவற்றின் உச்சரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கம்பெனிகளில் அடிக்கடி கேட்பதால். "வாஷ்ட்", "பேக்ட்", "ஸ்டிச்ட்" ஆகியவை ஒரே அசைதான். "வாஷெட்", "பேக்கெட்" என்று இழுக்க வேண்டாம். வினையின் கடைசி ஒலியே "ட்" ஆக இருந்தால்தான் கூடுதல் அசை வரும்: "வான்டட்", "லோடட்", "பிரின்டட்".

சாப்ட்டாச்சுங்களான்னு கேட்டா 'ஐ ஏட்'னு சொல்றதுங்களா, 'ஐ ஹேவ் ஈட்டன்'னு சொல்றதுங்களா?

"ஐ ஹேவ் ஈட்டன்." நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள் என்பது கேட்டவருக்கு வேண்டாம். இப்போது உங்களுக்கு இலை போட வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். நடந்தது முன்பு, பார்வை இப்போதைய நிலைமேல். பிரசன்ட் பெர்ஃபெக்டின் உயிர் அதுதான். அதனால்தான் அதன் பெயரில் "பிரசன்ட்" இருக்கிறது. நம் "ஆச்சு" அதற்கு நல்ல துணை: "சாப்ட்டாச்சு", "அனுப்பியாச்சு", "கட்டியாச்சு" என்று சொல்ல வரும் இடங்களில் "ஹேவ்" பெரும்பாலும் பொருந்தும். "நேத்து ராத்திரி எங்க சாப்ட்டீங்க?" என்றால் பேச்சு நேற்றைக்குப் போய்விட்டது. "ஐ ஏட் அட் மை அங்கிள்ஸ் ஹவுஸ்" என்று சிம்பிள் பாஸ்ட் வர வேண்டும்.

அனுபவத்தைச் சொல்லவும் இதே பெர்ஃபெக்ட்தான்: "ஐ ஹேவ் பீன் டு கொடுமுடி." இங்கே "பீன்", "கான்" வித்தியாசத்தைக் கவனியுங்கள். "ஊட்டிக்குப் போயிருக்காரு" என்றால் தமிழில் இரண்டு அர்த்தம் வரும். இப்போது ஊட்டியில் இருக்கிறார் என்றால் "ஹி ஹேஸ் கான் டு ஊட்டி". முன்பு எப்போதோ போய்வந்திருக்கிறார் என்றால் "ஹி ஹேஸ் பீன் டு ஊட்டி". ஆபீஸில் போன் எடுப்பவர்கள் இதை மாற்றிச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் ஏமாந்துபோவார்.

அனுபவம் என்றால் அது உயிரோடிருப்பவருக்குத்தான். 1974-ல் மறைந்த கோவைத் தொழிலதிபர் ஜி.டி.நாயுடுவைப் பற்றிப் பேசும்போது "ஹி ஹேஸ் ஸ்டார்ட்டட் எ பஸ் சர்வீஸ்" என்பது பொருந்தாது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் பஸ் விட்டது 1920-ல். "ஹி ஸ்டார்ட்டட் எ பஸ் சர்வீஸ் இன் 1920." வருடம் சொன்னாலே அது முடிந்துபோன காலம், அங்கே "ஹேவ்", "ஹேஸ்" நிற்காது.

'ஐ ஹேவ் சென்ட் தி சாம்பிள் யெஸ்டர்டே'ன்னு பையருக்கு மெயில் போட்டேனுங்க. மேனேஜர் திருத்திட்டாரு. ஏனுங்க?

மேலே 1920-க்குச் சொன்னதேதான் "யெஸ்டர்டே"க்கும். நேற்று முடிந்துவிட்டது. ஒன்று, "ஐ சென்ட் தி சாம்பிள் யெஸ்டர்டே". அல்லது நேற்றை எடுத்துவிட்டு, "ஐ ஹேவ் சென்ட் தி சாம்பிள்". சாம்பிள் கிளம்பிவிட்டது, இனி பையர் எதிர்பார்க்கலாம் என்பது செய்தியாக இருந்தால் இரண்டாவது நல்லது. கூரியர் தேதியைக் கேட்டிருந்தால் முதலாவது.

அமெரிக்க பையர்களின் மெயிலில் "டிட் யு சென்ட் இட் யெட்?" என்று வரும். பிரிட்டிஷ் வழக்கில் அது "ஹேவ் யு சென்ட் இட் யெட்?". "யெட்", "ஆல்ரெடி", "ஜஸ்ட்" இவற்றோடு சிம்பிள் பாஸ்ட் போடுவது அமெரிக்காவில் சாதாரணம். அதைத் தவறு என்று நினைக்க வேண்டாம். உங்கள் பதிலில் இரண்டில் எதை எழுதினாலும் அவர்களுக்குப் புரியும்.

பத்து வருசமா இந்தக் கம்பெனியிலதானுங்க இருக்கறேன். 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' சரிங்களா?

இதில் இரண்டு திருத்தம் உண்டு. ஆரம்பித்த இடத்தைச் சொன்னால் "சின்ஸ்", நீளத்தைச் சொன்னால் "ஃபார்". தமிழே இதைப் பிரித்துக் காட்டுகிறது. "2015ல இருந்து" என்றால் "சின்ஸ் 2015", "பத்து வருசமா" என்றால் "ஃபார் டென் இயர்ஸ்". அடுத்தது, அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதால் வெறும் "ஆம் வொர்க்கிங்" போதாது: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்." நிலையைக் குறிக்கும் வினையானால் "-இங்" வேண்டாம்: "திருப்பூர் ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2009."

இன்டர்வியூவில் இதைக் கவனமாகச் சொல்லுங்கள். "ஐ வொர்க்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்" என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

'நேத்து கோயமுத்தூர் போயிருந்தேன்'. இதுக்கு 'ஐ ஹேட் கான்'தானுங்களே?

தமிழைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் அப்படித்தான் வரும். ஆனால் இங்கிலீஷில் "ஐ வென்ட் டு கோயம்புத்தூர் யெஸ்டர்டே" என்பதுதான் இயல்பு. நம் "போயிருந்தேன்" தனியாக நிற்கும். "ஹேட் கான்" தனியாக நிற்காது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பழைய சம்பவம் வேண்டும். இரண்டில் முந்தியது எது என்று காட்டுவதுதான் "ஹேட்"டின் வேலை. "வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்." நான் போவதற்கு முன்பே ரயில் போய்விட்டது.

கோவையின் வரலாற்றிலிருந்தே ஒரு உதாரணம். ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரின் நூற்பாலை 1888-ல் தொடங்கியது. கோவைக்கு மின்சாரம் தந்த, நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1932-ல் நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தால்: "வென் பைக்காரா பவர் கேம், தி ஸ்டேன்ஸ் மில் ஹேட் பீன் ரன்னிங் ஃபார் ஓவர் ஃபார்ட்டி இயர்ஸ்." இதே உண்மையை வருடத்தோடு தனித்தனி வாக்கியமாகச் சொன்னால் "ஹேட்" தேவையே இல்லை. "தி மில் ஓப்பன்ட் இன் 1888. பைக்காரா பவர் கேம் இன் 1932." முன்பின் வரிசை வேறு வழியில் தெளிவாகிவிட்டால் "ஹேட்"டை விட்டுவிடுங்கள். எழுத்து இலேசாகும்.

எதிர்காலத்துக்கு எல்லா இடத்துலயும் 'வில்' போட்டாப் போதாதுங்களா?

புரியும், ஆனால் போதாது. இங்கிலீஷ் வினைக்கு இறந்தகால வடிவம் உண்டு, எதிர்கால வடிவம் கிடையாது. நம் "வருவேன்" போல வினைக்குள்ளேயே எதிர்காலம் வைக்க அதில் இடமில்லை. அதனால் பல வழிகளில் சொல்கிறார்கள். பேசும்போதே எடுத்த முடிவு, வாக்குறுதி, கணிப்பு என்றால் "வில்": "ஐ வில் கால் யு." முன்பே எடுத்த முடிவு, அல்லது கண்முன் தெரியும் அறிகுறி என்றால் "கோயிங் டு": வெள்ளிங்கிரி மலைமேல் மேகம் கறுத்து நிற்கிறது, "இட் இஸ் கோயிங் டு ரெய்ன்." ஏற்பாடு முடிந்துவிட்டது என்றால் கன்டினியுவஸ்: "வி ஆர் ஷிப்பிங் ஆன் ஃப்ரைடே." கால அட்டவணை என்றால் சிம்பிள் பிரசன்ட்: "தி சேரன் எக்ஸ்பிரஸ் லீவ்ஸ் அட் நைட்."

"வி வில் ஷிப் ஆன் ஃப்ரைடே", "வி ஆர் ஷிப்பிங் ஆன் ஃப்ரைடே" இரண்டையும் பையர் ஒரே மாதிரி படிப்பதில்லை. முதலாவது வாக்கு. இரண்டாவதில் லாரியும் கண்டெய்னரும் பேசி முடித்தாயிற்று என்ற தொனி இருக்கிறது. "நாளைக்கு வருவனுங்க" என்பதற்கும் "நாளைக்கு வாரனுங்க" என்பதற்கும் நடுவில் உள்ள உறுதியின் வித்தியாசத்தை நீங்களே உணர்வீர்கள்.

'வென் தி கண்டெய்னர் வில் கம், ஐ வில் கால் யு'. இதுல என்னங்க தப்பு? ரெண்டும் நாளைக்கு நடக்கறதுதானுங்களே?

தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? "கண்டெய்னர் வந்ததும் கூப்படறனுங்க." நாளைக்கு வரப்போகும் கண்டெய்னருக்கு "வந்ததும்" என்று இறந்தகால வடிவம் போடுகிறீர்கள். முதல் கேள்வியில் பார்த்த அதே விஷயம். இங்கிலீஷ் அந்த இடத்தில் பிரசன்டைப் போடுகிறது: "வென் தி கண்டெய்னர் கம்ஸ், ஐ வில் கால் யு." "இஃப்", "ஆஃப்டர்", "பிஃபோர்", "அன்டில்" எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஆனால் "ஐ டோன்ட் நோ வென் தி கண்டெய்னர் வில் கம்" என்பது சரி. இங்கே "வென்" என்பது "வந்ததும்" அல்ல, "எப்ப வரும்னு". தமிழில் "-ததும்", "-தா" வந்தால் பிரசன்ட். "எப்ப வரும்னு" என்று வந்தால் "வில்".

பேப்பர்ல நேத்து நடந்ததையெல்லாம் பிரசன்ட்ல போடறாங்களே?

அது தலைப்புக்கு மட்டும் உள்ள வழக்கு. "சிஎம் ஓப்பன்ஸ் பிரிட்ஜ்" என்றால் திறந்துவிட்டார். "சிஎம் டு ஓப்பன் பிரிட்ஜ்" என்றால் திறக்கப்போகிறார். கீழே செய்திக்குள் போனால் "ஓப்பன்ட்" என்று சரியாகவே இருக்கும்.

நான் வர்றேன்னு சொன்னான். இதை 'ஹி டோல்ட் ஐ ஆம் கமிங்'னு சொன்னா ஏனுங்க யாருக்கும் புரியமாட்டீங்குது?

கேட்டவர் நீங்கள் வருவதாக நினைத்துக்கொள்கிறார். தமிழில் "என்று" என்ற ஒரு சொல் போதும், ஒருவர் சொன்னதை "நான்", "வர்றேன்" மாறாமல் அப்படியே தூக்கி வைத்துவிடலாம். இங்கிலீஷில் அப்படி வைக்க மேற்கோள் குறி வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் உங்கள் இடத்திலிருந்து பார்த்து மாற்ற வேண்டும். அவன் "நான்" என்றது உங்களுக்கு "ஹி". அவன் சொன்னது முன்பு என்பதால் வினையும் ஒரு படி பின்னால் போகும்: "ஹி செட் ஹி வாஸ் கமிங்." "வில்" இருந்தால் "வுட்": "ஹி செட் ஹி வுட் கம்."

சொன்ன விஷயம் இன்றைக்கும் உண்மையாகவே இருந்தால் பின்னால் போகாமலும் விடலாம். "தி டீச்சர் செட் தி நொய்யல் ஜாயின்ஸ் தி காவேரி" என்பதில் தவறில்லை. நொய்யல் இன்றும் காவிரியில்தானே சேர்கிறது.

'இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை எ லூம்'. பணம் இல்லாதது இப்பத்தானுங்களே, எதுக்குங்க பாஸ்ட் போடறாங்க?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. பாஸ்ட் வடிவம் காலத்தில் தள்ளி இருப்பதை மட்டும் காட்டுவதில்லை, நிஜத்திலிருந்து தள்ளி இருப்பதையும் காட்டுகிறது. "இஃப் ஐ ஹேவ் மணி" என்றால் கையில் பணம் இருக்கலாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பொருள். "இஃப் ஐ ஹேட் மணி" என்றால் இல்லை, வெறும் கற்பனை. "ஐ விஷ் ஐ நியூ", "இஃப் ஐ வேர் யு" எல்லாம் இந்த வகைதான். தமிழிலும் "பணம் இருந்தா தறி வாங்குவேன்" என்கிறோம். இருந்தால், வந்தால், கிடைத்தால் ஆகியவற்றைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே இறந்தகால அடியே இருக்கும். ஒரே வித்தியாசம், தமிழில் நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் ஒரே "இருந்தா". இங்கிலீஷ் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

மரியாதைக்கும் இதே பாஸ்ட் வரும். "ஐ வான்டட் டு ஆஸ்க் சம்திங்" என்று பையர் சொன்னால் முன்பு எப்போதோ கேட்க நினைத்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இப்போதுதான் கேட்கிறார். நேரடியாக முகத்துக்கு முன்னால் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைக்கிறார். பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "ஒரு விசயம் கேக்கலாம்னு வந்தனுங்க" என்று நாம் ஆரம்பிப்பதில் இருக்கும் பணிவுதான் அதிலும் இருக்கிறது.

'யு ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் அஸ்'னு மெயில் வந்திருக்குங்க. சொல்லியிருக்கோணும்ங்கறாங்களா, இனிமே சொல்லோணும்ங்கறாங்களா?

சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்கிறார்கள். அது குறை. "யு ஷுட் இன்ஃபார்ம் அஸ்" என்றால் இனிமேல் சொல்லுங்கள் என்று பொருள். நடுவில் உள்ள "ஹேவ்" தான் அதை முடிந்துபோனதாக்குகிறது. "வுட் ஹேவ்", "குட் ஹேவ்" இரண்டும் அதே மாதிரிதான்: "வி வுட் ஹேவ் சேஞ்ஜ்ட் தி ஷிப்மென்ட் டேட்" என்றால் மாற்றியிருப்போம், ஆனால் மாற்றவில்லை. முந்தைய கேள்வியில் பார்த்த கற்பனைதான், முடிந்துபோன நாளைப் பற்றியது.

இப்படி ஒரு மெயிலுக்கு "ஓகே, வி வில் இன்ஃபார்ம்" என்று மட்டும் பதில் போடுவதைப் பல கம்பெனிகளில் பார்க்கிறேன். அவர்கள் நடந்ததைப் பற்றிக் கேட்கும்போது நீங்கள் நடக்கப்போவதை மட்டும் சொன்னால், குறை காதில் விழவே இல்லை என்று ஆகிவிடும். நடந்ததற்கு ஒரு வாக்கியம், இப்போதைய நிலைக்கு ஒன்று, இனி நடப்பதற்கு ஒன்று எழுதுங்கள்: "வி ஆர் சாரி, வி ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் யு. தி கூட்ஸ் ஹேவ் பீன் பேக்ட். வி ஆர் ஷிப்பிங் ஆன் ஃப்ரைடே."